சோதனைக்கும் ஒரு சோதனை

முதுகலை இரண்டாம் ஆண்டு, புள்ளியியல் துறை

“இரத்தம் கொடுத்தாகிவிட்டது. சாயங்காலம் ரிசல்ட் வந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.” இவ்வாறு பேசாத வீடு இன்று உண்டா? பட்டணத்து வீதிகளில் மட்டுமன்றி, பேருந்து நிற்கும் சிற்றூர்களிலும் இரத்தப் பரிசோதனை நிலையங்கள் பெருகிவிட்டன. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி போல் ‘முழு உடல் பரிசோதனை’க்கும் தள்ளுபடி அறிவிக்கிறார்கள். மருந்துக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவப் பெருந்தகை, நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் தேர்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடச் சொன்னார். அந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இன்று சோதனைக்கூடத்தின் கைக்குச் சென்றுவிட்டது. இது விஞ்ஞானத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை.

ஆனால் நான் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. நம்மைச் சோதிக்கும் சோதனையைச் சோதித்தது யார்? கடையில் ஒரு கிலோ பருப்பு நிறுக்கும் தராசுக்குக்கூட அரசு முத்திரை வேண்டும். முத்திரையில்லாத் தராசை வைத்து வியாபாரம் செய்வது குற்றம். நம் உடம்பில் நோய் உண்டா இல்லையா என்று நிறுக்கும் தராசைப் பற்றி மட்டும் நாம் வாய் திறப்பதில்லை. ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லைக் கண்டால் வீடே அழுகிறது. ‘நெகட்டிவ்’ என்றால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம். சோதனை முடிவு ஒரு சாட்சியம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பு எழுதலாகாது. இதுவே நான் சொல்ல வந்த கருத்து. இதனை விளக்கக் காசநோயை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். நம் நாட்டில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை.

இரண்டு எண்கள்

எந்தச் சோதனையும் இரு வகையில் தவறலாம். நோயுள்ளவரை ‘நோய் இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நோயில்லாதவரை ‘நோயாளி’ என்று முத்திரை குத்திவிடலாம். எனவே ஒரு சோதனையின் தரத்தைச் சொல்ல ஓர் எண் போதாது. இரண்டு எண்கள் வேண்டும். உண்மையிலேயே நோயுள்ள 100 பேரில் எத்தனை பேரைச் சோதனை கண்டுபிடிக்கிறது என்பது முதல் எண். இதனை ‘சென்சிட்டிவிட்டி’ என்பர், உணர்திறன் எனலாம். உண்மையிலேயே நோயில்லாத 100 பேரில் எத்தனை பேரை ‘இல்லை’ என்று சரியாக விடுவிக்கிறது என்பது இரண்டாம் எண். இது ‘ஸ்பெசிபிசிட்டி’, இக்கட்டுரையில் விலக்குதிறன் என்றே அழைக்கிறேன்.

ஒன்றை மட்டும் உயர்த்துவது யாருக்கும் எளிது. வருவோர் அனைவருக்கும் ‘நோய் உண்டு’ என்று அச்சடித்துத் தரும் பொம்மை இயந்திரம் ஒன்றைச் செய்து வைத்தால் அதன் உணர்திறன் நூற்றுக்கு நூறு! ஒரு நோயாளியையும் அது தவறவிடாது. ஆனால் அதன் விலக்குதிறன் பூஜ்யம். ஆகவே ‘எங்கள் சோதனை 98 சதவீதம் துல்லியமானது’ என்று ஒரே எண்ணை மட்டும் சொல்லும் விளம்பரத்தைக் கண்டால், மற்ற எண் எங்கே என்று கேட்க வேண்டும்.

சரி, ஒருவருக்கு ‘உண்மையிலேயே’ நோய் உண்டா என்பதை எப்படி அறிவது? பொன்னுக்கு உரைகல் இருப்பதுபோல் சோதனைக்கும் ஓர் உரைகல் வேண்டும். காசநோய்க்கு அந்த உரைகல், சளியில் உள்ள கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்ப்பதாகும். ஆனால் அக்கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இருமுகிறவர் காத்திருக்க முடியுமா? அதனால்தான் விரைவான சோதனைகள் தேவைப்பட்டன. 1882-இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த நாள்முதல், சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் முறை வழக்கில் இருந்து வருகிறது. மலிவானது, அன்றே முடிவு தரும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணில் படும். அதற்குக் குறைவாக இருப்பவர் ‘நெகட்டிவ்’ என்ற சீட்டோடு வீடு திரும்புவார். அவருக்கு நோய் இல்லை என்பது அன்று அதன் பொருள். அந்த முறைக்கு எட்டவில்லை என்பதே பொருள்.

ஐந்து மருத்துவர்களும் ஒரே படமும்

உணர்திறன், விலக்குதிறன் என்னும் இவ்விரு அளவுகளையும் மருத்துவ உலகில் வழக்குக்குக் கொண்டுவந்த பெருமை ஜேக்கப் யெருஷால்மி என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞரைச் சாரும். ஆண்டு 1947. காசநோயைக் கண்டறிய அந்நாட்டில் மக்களைக் கூட்டங்கூட்டமாக எக்ஸ்-ரே எடுத்த காலம் அது. பெரிய பிலிம் வேண்டுமா, சிறிய பிலிம் போதுமா என்பது கேள்வி. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நான்கு முறைகளில் படமெடுத்து, ஐந்து மருத்துவர்களிடம் தனித்தனியே படிக்கக் கொடுத்தனர். முடிவு என்ன தெரியுமா? பிலிம்களுக்கிடையே இருந்த வேறுபாட்டைவிட, அவற்றைப் படித்தவர்களுக்கிடையே இருந்த வேறுபாடே பெரிதாக இருந்தது! அதைவிட வியப்பு, முன்பு பார்த்த படத்தையே மீண்டும் கொடுத்தபோது ஒரே மருத்துவர் தம் கருத்துக்குத் தாமே மாறுபட்டார்.

துல்லியம் வேறு, நம்பகம் வேறு என்பதை இங்கே உணர வேண்டும். எப்போதும் 50 கிராம் கூட்டிக் காட்டும் தராசில் எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடைதான் வரும். அது மாறாத தராசு. ஆனால் பொய்த் தராசு. ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் காட்டுவது இன்னொரு வகை. முதலாவது துல்லியமற்றது, இரண்டாவது நம்பகமற்றது. நல்ல சோதனைக்கு இரண்டும் வேண்டும்.

நம்பகத்தை அளப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. இரு மருத்துவர்கள் 100 படங்களைப் படிக்கிறார்கள். இருவரும் படத்தைப் பாராமலே, ஏதோ 10 படங்களைக் குருட்டாம்போக்கில் ‘நோய்’ என்று குறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சராசரியாக 82 படங்களில் அவர்கள் ஒத்துப்போவார்கள்! பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றாலும், பத்தில் ஒன்பதைப் பத்தில் ஒன்பதாலும் பெருக்கிக் கூட்டினால் இந்தக் கணக்கு வரும். எனவே ‘இரு டாக்டர்கள் நூற்றுக்கு 82-இல் ஒத்துப்போனார்கள்’ என்பதில் பெருமை ஒன்றுமில்லை. தற்செயலாக வரும் ஒப்புதலைக் கழித்துவிட்டு, எஞ்சியதை அளக்க வேண்டும் என்று 1960-இல் ஜேக்கப் கோஹென் ஓர் அளவைக் கொடுத்தார். அதன் பெயர் ‘காப்பா’. மேற்சொன்ன நிலையில் இருவரும் 91 படங்களில் ஒத்துப்போனால், தற்செயலுக்கு மேல் எட்டக்கூடிய 18-இல் 9-ஐ எட்டியுள்ளனர். அதாவது காப்பா 0.5. கேட்க 91 பெரிதாக இருந்தாலும், திறமையால் வந்தது பாதிவழிதான்.

யாரைச் சோதித்தோம்?

இனித்தான் முக்கியமான பகுதி. நண்பர்களே, ஒரு சிறு கணக்கு. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் ஒன்று. அதற்கான சோதனை நோயற்றவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத் தவறாகப் ‘பாசிட்டிவ்’ காட்டும். நோயாளியைத் தவறவிடாது என்றே கொள்வோம். ஒருவரைப் பற்றி வேறெதுவும் தெரியாது, சோதனை ‘பாசிட்டிவ்’. அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? மேலே படிக்குமுன் உங்கள் விடையை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

1978-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனைகளில் மாணவர்களும் மருத்துவர்களுமாக 60 பேரிடம் இதே கேள்வி கேட்கப்பட்டது. மிகுதியானோர் சொன்ன விடை 95 சதவீதம். சரியான விடை ஏறத்தாழ 2 சதவீதம்! ஆயிரம் பேரில் நோயாளி ஒருவர். எஞ்சிய 999 பேரில் தவறாகப் பாசிட்டிவ் வருவோர் ஏறக்குறைய 50 பேர். ஆக, பாசிட்டிவ் 51 பேரில் உண்மை நோயாளி ஒரே ஒருவர். 60 பேரில் 11 பேர் மட்டுமே இதைச் சரியாகச் சொன்னார்கள். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேயஸ் என்ற பாதிரியாரின் தேற்றம்தான் இது; அவர் மறைவுக்குப் பின் 1763-இல் அச்சேறியது. நம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடும் அதே சூத்திரம், ஒருவரின் வாழ்க்கையையே நிர்ணயிக்கும் இடம் இது.

இப்போது காசநோய்க்கு வருவோம். உணர்திறன் 90, விலக்குதிறன் 90 உள்ள சோதனை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மார்பு நோய்ப் பிரிவுக்கு நாட்பட்ட இருமலோடு வந்த 1,000 பேரில் 300 பேருக்குக் காசநோய் உள்ளது என்று கொள்வோம். சோதனை 270 நோயாளிகளைக் கண்டுபிடிக்கும். எஞ்சிய 700 பேரில் 70 பேரைத் தவறாகப் பிடிக்கும். பாசிட்டிவ் வந்தவர்களில் ஐவரில் நால்வர் உண்மை நோயாளிகள். பரவாயில்லை எனலாம்.

அதே சோதனையை ஊர் ஊராக முகாம் போட்டு ஒரு லட்சம் பேருக்குச் செய்வோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, 15 வயதுக்கு மேற்பட்டோரில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருந்ததாகக் கண்டது. கணக்கின் எளிமைக்காக 300 என்போம். இங்கும் 270 நோயாளிகள் அகப்படுவர். ஆனால் நோயற்ற 99,700 பேரில் 9,970 பேர் தவறாகப் பிடிபடுவர்! பாசிட்டிவ் சீட்டு வாங்கிய நூறு பேரில் மூவருக்குக்கூட நோய் இராது. கருவி மாறவில்லை, ஆய்வாளர் மாறவில்லை, சோதிக்கப்பட்ட கூட்டம் மட்டுமே மாறியது. அறிகுறி ஏதுமின்றித் தள்ளுபடிக்காகச் சோதனை செய்துகொள்வோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இரத்தத்தில் காசநோய் தேடிய கதை

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ண வேண்டா. சளிக்குப் பதிலாக இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்துக் காசநோயை முடிவு செய்யும் சோதனைகள் ஒரு காலத்தில் நம் நாட்டுத் தனியார் ஆய்வுக்கூடங்களில் கொடிகட்டிப் பறந்தன. 94 ஆய்வுகளை அலசிய பின், 2011 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இச்சோதனைகளைக் கைவிடுமாறு அறிவித்தது. உண்மை நோயாளியையும் விட்டுவிடுகின்றன, நோயற்றவரையும் பிடிக்கின்றன என்பது அதன் முடிவு. ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இச்சோதனைகள் நடப்பதாகவும், பல நோயாளிகள் ஒரு சோதனைக்கு 30 டாலர் வரை செலவிடுவதாகவும் அது சொன்னது. இன்னொன்றையும் சொன்னது: இவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தயாரானவை, ஆனால் அங்கீகாரம் பெற்ற எந்தக் கட்டுப்பாட்டு அமைப்பும் இவற்றுக்கு ஒப்புதல் தரவில்லை. 2012 ஜூனில் இந்திய அரசு இவற்றின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை, பயன்பாடு அனைத்தையும் தடை செய்தது.

அந்தத் தடை இரண்டாண்டு முன்னதாக வந்திருந்தால் என் சித்தியின் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். 2010-இல் நான் ஆரம்பப் பள்ளிச் சிறுமி. சித்திக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. காய்ச்சலுக்குப் பின் இருமல் விடவில்லை என்று தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் இந்த இரத்தச் சோதனை செய்தார்கள். பாசிட்டிவ். சளியைப் பரிசோதிக்க ஒருவரும் சொல்லவில்லை. மாத்திரை தொடங்கியது, சித்தியின் தட்டும் தம்ளரும் தனியாகின. செய்தி மாப்பிள்ளை வீட்டை எட்டியது. தாம்பூலம் திரும்பி வந்தது. இரண்டு மாதம் கழித்து, என் தாத்தா மனம் கேளாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். சளியைப் பார்த்தார்கள், படமெடுத்தார்கள், கிருமியை வளர்த்தும் பார்த்தார்கள். காசநோய் இல்லை என்று மாத்திரையை நிறுத்தினார்கள். இருமலும் தானே அடங்கிற்று. ஆனால் நின்ற திருமணம் நின்றதுதான். புள்ளியியலில் நாங்கள் ‘பொய் பாசிட்டிவ்’ என்று கட்டம் போட்டு ஓர் எண் எழுதுகிறோமே, அந்தக் கட்டத்துக்குள் இப்படி ஒரு பெண் நிற்கிறாள் என்பதை நான் அறிவேன்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று, சளியிலுள்ள கிருமியின் மரபணுவைத் தேடும் ‘எக்ஸ்பெர்ட்’ சோதனையை உரைகல்லில் உரசிப் பார்த்தது. நுண்ணோக்கியில் தென்படாத, ஆனால் வளர்ப்பில் உறுதியான நோயாளிகளில் ஒரே சோதனையில் 72.5 சதவீதம் பேரையும், மூன்று முறை செய்தபோது 90.2 சதவீதம் பேரையும் அது கண்டது, விலக்குதிறன் 99.2. சோதனையைச் சோதித்ததால் போலி வெளியேறியது. நல்லது உள்ளே வந்தது. எனவே நான் சோதனைகளுக்கு எதிரி அல்லேன். சோதிக்கப்படாத சோதனைக்கே எதிரி.

புகழ் வரும் வழி

தரமற்ற சோதனைக்குப் புகழ் எப்படி வருகிறது? தேர்வுக்கு முதல் வரிசை மாணவர்களை மட்டும் அனுப்பினால் எந்தப் பள்ளியும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும். 1969-இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு ‘சி.இ.ஏ.’ என்ற இரத்தச் சோதனை பற்றிய அறிக்கை வந்தது. 36 நோயாளிகளில் 35 பேரைக் கண்டுபிடித்தது! உலகமே வியந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றியவர்கள். நோய் தொடக்கநிலையில் உள்ளோரிடமும், குடலில் வேறு கோளாறு உள்ளோரிடமும் சோதித்தபோது அந்தப் புகழ் தேய்ந்தது. புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க அது உதவவில்லை. யாரிடம் சோதித்தார்கள், எந்த உரைகல்லோடு ஒப்பிட்டார்கள் என்பதையெல்லாம் மறைக்காமல் எழுத வேண்டும் என்று ‘ஸ்டார்டு’ என்னும் நெறிமுறை 2003-இல் வகுக்கப்பட்டு, 2015-இல் திருத்தப்பட்டது. ஆராய்ச்சியாளருக்கு இந்த ஒழுங்கு வந்துவிட்டது. நோயாளிக்கு?

சென்னை மாணவி காட்டிய வழி

முதல் முடிவை அப்படியே ஏற்காமல் உறுதி செய்வது எப்படி என்பதற்கு நம் சென்னையிலேயே சான்று உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பட்ட மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில் இரத்த மாதிரிகளைத் திரட்டி, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று எச்.ஐ.வி. சோதனை செய்தார். சில மாதிரிகள் பாசிட்டிவ். இந்தியாவில் அதுவரை காணப்படாத நோய்! உடனே ஊரைக் கூட்டவில்லை. மீண்டும் இரத்தம் எடுத்துச் சோதித்தனர். அமெரிக்காவுக்கும் அனுப்பி ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்ற வேறுவகைச் சோதனையால் உறுதி செய்தனர். இன்றும் நம் நாட்டில், அறிகுறியில்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டென்று சொல்லுமுன் வெவ்வேறு வகையான மூன்று சோதனைகள் ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. மேலே நாம் போட்ட முகாம் கணக்குக்கு விடை இதுதான். முதல் சோதனை சல்லடை. இரண்டாவதும் மூன்றாவதும் முறம்.

நாம் கேட்க வேண்டியவை

‘படித்த டாக்டரை நோயாளி கேள்வி கேட்பதா? இப்படியெல்லாம் எழுதினால் மக்கள் சோதனைக்கே வரமாட்டார்கள்’ என்று சிலர் சொல்லக்கூடும். அஞ்சத் தக்க வாதந்தான். இரு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் சளிப் பரிசோதனைக்குச் செல்லாதிருப்பது அவருக்கும் கேடு; வீட்டுக்கும் கேடு. ஆனால் மக்களின் நம்பிக்கையைக் குலைப்பது கேள்வியா, பொய்யான முடிவா? என் சித்தியின் கதை தெரிந்த தெருவில் பலர் பிறகு சோதனை என்றாலே பின்வாங்கினார்கள். உண்மையைச் சொல்லிச் சோதிப்பதே நம்பிக்கையை வளர்க்கும்.

2020-இல் கொரோனா காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நல்ல முன்மாதிரி காட்டியது. விரைவு ஆன்டிஜன் சோதனையின் விலக்குதிறன் 99.3 முதல் 100 வரை, உணர்திறன் 50.6 முதல் 84 வரை என்று இரு எண்களையும் வெளிப்படையாகச் சொன்னது. அவற்றிலிருந்தே விதியும் பிறந்தது: பாசிட்டிவ் வந்தால் ஏற்றுக்கொள், அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். செய்து பார். எண் தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் தெரியும்.

இன்று சோதனைக் கருவிகளைக் கட்டுப்படுத்த 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் உள்ளன. ஆனால் அந்த எண்கள் கருவிப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தில் தூங்குகின்றன. நோயாளியின் கைக்கு வருவதில்லை. எனவே என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, நோய் உண்டு இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு ரிசல்ட் தாளிலும் அச்சோதனையின் உணர்திறனும் விலக்குதிறனும் தமிழில் அச்சிடப்பட வேண்டும். இரண்டு, பாசிட்டிவ் வந்தவரை உறுதிச் சோதனைக்கு அனுப்ப ஏற்பாடு இல்லாத முகாம் எதுவும் நடத்தப்படலாகாது. நம் கல்லூரி முகாம்களுக்கும் இது பொருந்தும். மூன்று, பேயஸ் தேற்றத்தைப் புள்ளியியல் துறையோடு பூட்டி வைக்காமல், வரலாறும் தமிழும் படிக்கும் தோழர்களுக்கும் ஒரு வகுப்பிலாவது சொல்லித்தர வேண்டும். அதற்கு உயர்கணிதம் தேவையில்லை. ஆயிரம் பேரைக் கற்பனை செய்து எண்ணத் தெரிந்தால் போதும்.

தோழர்களே! அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் ரிசல்ட் தாளை நடுங்கும் கையோடு நீட்டும்போது, நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சோதனை எத்தனை நோயாளிகளைத் தவறவிடும்? எத்தனை நலமானவர்களைப் பிடித்துவிடும்? சோதிக்குமுன் இவருக்கு இந்நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது? உறுதி செய்ய அடுத்த சோதனை எது? விடை கிடைத்த பிறகு அழலாம். அல்லது தேங்காய் உடைக்கலாம்.